அடைபட்ட சிறு துளை

ஓடி ஓடித் தேய்ந்த பொருளைக் கண்டால் நமக்கு இரக்கம் பிறக்கிறது. செருப்புத் தேய்ந்தால் நடந்த தூரத்தை எண்ணுகிறோம். கொழு தேய்ந்தால் உழுத நிலத்தை எண்ணுகிறோம். ஆனால் ஓடாமலே கெட்டுப்போகும் பொருள்களும் உண்டு. அவற்றின் அழிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. கதவைப் பூட்டிவிட்டு, 'பத்திரமாக இருக்கிறது' என்று நாம் மனநிறைவு கொள்ளும் அந்த நாள்களிலேதான் துரு அவற்றைத் தின்கிறது. இந்த உண்மையை நாம் குருமடத்தில் கற்கவில்லை. பங்கு இல்லத்தின் பின்கட்டில், ஓடு சரிந்த ஒரு கொட்டகையில் கற்றோம்.

2024-ஆம் ஆண்டு மே மாத மாற்றத்தில், நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய அதே பங்குக்குப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டோம். சென்ற இரண்டாம் வாரமே பங்குப்பேரவையில் ஒரு கோரிக்கை எழுந்தது. பின்கட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டவேண்டும். உள்ளே கிடக்கும் பழைய காரை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். பழைய இரும்பு வாங்குபவர் விலையும் சொல்லியிருந்தார். நியாயமான கோரிக்கைதான். ஆயினும் சாவியைக் கையில் வாங்கியபோது நம் உள்ளங்கை சற்றே வியர்த்தது. அந்தக் கொட்டகையை 1998-இல் பூட்டியவர்களில் நாமும் ஒருவர்.

உள்ளே நின்றது 1947-ஆம் ஆண்டுச் செவர்லே ஸ்டைல்மாஸ்டர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-இல் பம்பாயில் ஒரு தொழிற்கூடத்தைத் தொடங்கி, கப்பலில் வந்த உறுப்புகளை இங்கே பூட்டி விற்றது. 1954-இல் அக்கூடத்தை மூடிச் சென்றது. அங்கே உருவாகிப் பலர் கைமாறிய ஒரு வண்டியை, பிரான்சு நாட்டிலிருந்து வந்து இங்கே மண்ணாகிப்போன மறைபரப்பு அடிகளார் ஒருவர் வாங்கினார். மலையடிவாரத்துக் கிளைக்கிராமங்களுக்கு நற்கருணை சென்றது அந்த வண்டியில். பிரசவ வேதனையில் துடித்த தாய்மார்கள் மருத்துவமனைக்குப் போனதும் அதே வண்டியில். எங்கள் பங்கில் இன்று அறுபது வயதைத் தொட்டவர்களில் சிலர், தாம் பிறந்தது அதன் பின்னிருக்கையில்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

எடைக்குப் போட மனம் வரவில்லை. மூன்று மாதம் தவணை கேட்டோம். பங்குப் பணத்தில் ஒரு காசும் தொடுவதில்லை, நம் குருத்துவ வெள்ளி விழாவுக்கு அன்பர்கள் அளித்த தொகையைக் கொண்டே செய்வது என்று முடிவு செய்தோம். பக்கத்து நகரத்தில் பழைய பெட்ரோல் இஞ்சின்களை நன்கறிந்த முதியவர் ஒருவர் இருந்தார். ஊரே அவரைப் 'பாய்' என்றுதான் அழைக்கும். நாமும் அவ்வாறே அழைத்தோம்.

பாய் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். புதிய பேட்டரி ஒன்றை மாட்டிச் சுழற்றிப் பார்க்கலாமா என்று நாம் ஆவலோடு கேட்டோம். அவர் முகம் மாறிற்று.

"அந்தத் தப்பை மட்டும் செய்யக் கூடாது, ஃபாதர். தூங்குறவனைத் தலைமுடியைப் பிடிச்சு எழுப்பினா என்ன ஆகும்? உள்ளே துரு எங்க பிடிச்சிருக்குன்னு தெரியாம சுத்தினா, ஒரே சுத்துல ரிங் உடைஞ்சிரும்."

ஆறு பிளக்குகளையும் கழற்றி, மண்ணெண்ணெயும் இஞ்சின் எண்ணெயும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு ஊற்றினார். பிறகு பத்து நாள் அவர் வரவே இல்லை. கேட்டபோது, "எண்ணெய் வேலை செய்யுது, நாம செய்யவேண்டியது ஒண்ணுமில்லை" என்றார். பத்தாம் நாள் சக்கரங்களைக் கவனித்தோம். அவற்றின் அளவு 600-16. ஜீப்புக்கும் அதே அளவு என்பதால் டயர் கிடைப்பது அரிதாக இல்லை. பின்னர் வண்டியை மேல் கியரில் இட்டு, நான்கு இளைஞர்கள் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார்கள். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. திடீரெனக் கொட்டாவி விடுவதுபோல ஒரு மெல்லிய ஓசை. மின்விசிறி கால் வட்டம் திரும்பிற்று. பாய், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நாமும் மனத்துள் 'தேயோ கிராசியாஸ்' என்று சொல்லிக்கொண்டோம்.

அடுத்த வாரங்களில் பாய் நமக்கு அந்த இஞ்சினை விளக்கினார். செவர்லே நிறுவனம் 1929-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து, நான்கு சிலிண்டர் வண்டியின் விலைக்கே ஆறு சிலிண்டர் என்று சொல்லி விற்ற குடும்பத்தைச் சேர்ந்தது அது. இந்த வண்டியில் இருப்பதன் கொள்ளளவு 216.5 கன அங்குலம். அதாவது சற்றேறக்குறைய மூன்றரை லிட்டர். ஆற்றல் 90 குதிரைத்திறன். ஆறு பிஸ்டன்களும் இரண்டிரண்டாக இணைந்து ஏறி இறங்குகின்றன: ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும். இணைந்து ஏறினாலும் அவை ஒரே வேளையில் தீப்பற்றுவதில்லை. ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு என்பது தீப்பற்றும் வரிசை. கிராங்க் தண்டு 120 பாகை திரும்பும்போதெல்லாம் ஏதேனும் ஒன்று உழைக்கிறது; ஒன்றன் அதிர்வை மற்றொன்று தணிக்கிறது. நேர்வரிசை ஆறு சிலிண்டர் இஞ்சின் அவ்வளவு சாந்தமாக ஓடுவதற்கு அதுவே காரணம்.

எண்ணெய் ஏற்பாடு இன்னும் வியப்பானது. இன்றைய இஞ்சின்களில் எண்ணெயை அழுத்தத்தோடு எல்லாத் தாங்கிகளுக்கும் செலுத்துகிறார்கள். இதிலோ ஒவ்வொரு பிஸ்டன் தண்டின் அடியிலும் அகப்பை போன்ற ஒரு சிறு நாக்கு உண்டு. சுற்றி வரும்போதெல்லாம் அது கீழேயுள்ள சிறு தொட்டியில் தோய்ந்து எண்ணெயை அள்ளிக்கொள்கிறது. தாங்கிகளில் பூசியிருப்பது மிருதுவான வெள்ளை உலோகம். எண்ணெய் செழுமையாக இருக்கும்வரை அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும்; எண்ணெய் நீர்த்துப்போனால் சில நாள்களில் தேய்ந்துவிடும்.

இதைச் சொல்லிக்கொண்டேதான் பாய் இஞ்சினின் பக்கவாட்டில் இருந்த பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பிரித்தார். பிரித்தவர் பேச்சை நிறுத்தினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நம்மிடம் நீட்டினார்.

"பாருங்க, ஃபாதர். டயாபிரம் கிழிஞ்சிருக்கு. கிடந்து இத்துப்போனது இல்லை, ஓடும்போதே கிழிஞ்சது."

"எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றோம்.

பம்பின் கீழறையை விரலால் தடவிக் காட்டினார். தேன்நிறத்தில் ஒரு பிசின் படிந்திருந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது விட்டுச்செல்லும் படிவு அது. மேலறையில் மட்டுமே இருக்கவேண்டிய பெட்ரோல் கீழறையில் நெடுநாள் நின்றிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அங்கிருந்து அது இஞ்சினுக்குள்ளே வழிந்து எண்ணெயோடு கலந்திருக்கிறது.

"கிழிஞ்சா வெளியே சொட்டட்டும், டிரைவர் கண்ணுல படட்டும்னு இங்க ஒரு துளை வச்சிருக்கான். பாருங்க, அது சேறும் பிசுக்கும் அடைச்சுக் கல்லா இருக்கு. வெளியே வர வழியில்லாம எல்லாம் உள்ளே போயிருச்சு. இந்த வண்டி பெட்ரோல் ரொம்பக் குடிக்குதுன்னு அப்ப யாராவது சொல்லியிருப்பாங்களே?"

நாம் பதில் சொல்லவில்லை. கொட்டகையின் வாயிற்படியில் அமர்ந்துவிட்டோம்.

சொல்லியிருந்தார்கள். சொன்னவர் வேறு யாருமல்லர், நாமே.

1998-இல் நமக்கு இருபத்தெட்டு வயது. பங்கின் கணக்குப் புத்தகம் நம் பொறுப்பில் இருந்தது. கணக்கில் நமக்கு இருந்த தேர்ச்சி குறித்து நமக்குப் பெருமையும் இருந்தது. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி ஐந்துதான் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்தோம். ஓடிய தூரத்தையும் வாங்கிய பெட்ரோலையும் இரண்டு பத்திகளாக எழுதி, குறைவைச் சிவப்பு மையில் கோடிட்டுக் காட்டினோம். பெட்ரோல் எங்கே போகும்? ஓட்டுநர் எடுத்து விற்கிறார். வேறு விளக்கம் நமக்குத் தோன்றவில்லை. தோன்றவேண்டும் என்றும் நாம் முயலவில்லை.

அந்த ஓட்டுநர் 1962-இல் சிறுவனாக வந்து அடிகளாரிடம் வண்டி துடைக்கும் வேலையில் சேர்ந்தவர். அடிகளாரே அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அந்த வண்டியைத் தவிர வேறொன்றைத் தொட்டறியாதவர். நாம் அவரைப் பலர் முன்னிலையில், கோவில் முற்றத்தில், பெயர் சொல்லி அழைத்து விசாரித்தோம். அவர் ஓடிச்சென்று எண்ணெய் அளவுக் கம்பியை உருவிக்கொண்டு வந்தார். "சாமி, மோந்து பாருங்க. எண்ணெய் கோட்டுக்கு மேல ஏறி நிக்குது. பெட்ரோல் வாடை அடிக்குது" என்று நம் முகத்தருகே நீட்டினார். வெள்ளை அங்கியில் கறை படுமே என்று நாம் பின்வாங்கினோம். "பேச்சை மாற்றாதே" என்றோம். அப்போதைய பங்குத்தந்தை நம் கணக்கை நம்பினார். மறுநாளே அவர் வேலையைவிட்டு நீக்கப்பட்டார். புதிதாக வந்த ஓட்டுநர் இரண்டே வாரத்தில், இஞ்சினில் ஏதோ தட்டுகிறது என்று வண்டியை நிறுத்திவிட்டார். பங்குக்கு ஜீப் வந்தது. கொட்டகை பூட்டப்பட்டது. சில மாதங்களில் நமக்கும் மாற்றம் வந்தது. நாமும் மறந்தோம்.

மறந்தோம் என்பதும் முழு உண்மையன்று. பூட்டினோம் என்பதே சரி.

அன்று மாலையே அவருடைய வீட்டைத் தேடிச் சென்றோம். எண்பதை நெருங்கிவிட்ட அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அன்று பெயர் சொல்லி அழைத்த நாம் இன்று 'ஐயா' என்றோம். பம்பையும் உடன் கொண்டு போயிருந்தோம். அதை அவர் கையில் வைத்து, நடந்ததைச் சொல்லி, "நாம் செய்தது பெரும் பிழை, எங்களை மன்னியுங்கள்" என்றோம். அந்த நேரத்திலும் 'நாம்' என்றும் 'எங்களை' என்றுமே வாயில் வந்தது. பழக்கம் அப்படி. அவர் நம்மை நிமிர்ந்து பார்த்ததும், நாக்குத் தடுமாறி, "தவறு செய்தவன் நான்" என்று திருத்திச் சொன்னோம்.

அவர் பம்பைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் அந்தச் சிறு துளையைச் சுரண்டினார்.

"இதைக் குத்தி விட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நானும் விட்டுட்டேன்" என்றார். தம் பங்குக்குத் தாமும் ஒரு குற்றத்தை ஏற்றுக்கொண்ட அந்தச் சொல்லை நம்மால் தாங்க முடியவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி பேசினார். "எங்க மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் அந்த மாசமே நின்னு போச்சு, சாமி. திருட்டுப்பட்டம் வாங்கின வீட்டுல எவன் பெண் எடுப்பான்?" குரலில் சினம் இல்லை. நெடுநாள் சொல்லிப் பழகிய ஒரு செய்தியைச் சொல்வதுபோல இருந்தது.

சற்று நேரம் கழித்துப் பெரியவர் கேட்டார்: "சாமி, அன்னைக்கு முற்றத்துல எல்லாரும் இருக்கையில சொன்னீங்க. இன்னைக்கு எங்கிட்ட மட்டும் வந்து சொல்றீங்களே?"

நீதியைப் பற்றிய இறையியலை நாம் குருமடத்தில் முறையாகப் படித்திருக்கிறோம். பறித்த பொருளைத் திருப்பித் தரவேண்டியது போலவே பறித்த நற்பெயரையும் திருப்பித் தரவேண்டும். அவதூறு எதுவரை பரவியதோ அதுவரை ஈடுசெய்தலும் செல்லவேண்டும். தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். அதே பாடத்தை, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு மனிதர் ஒரே வினாவில் நமக்கு நடத்திவிட்டார்.

வரும் ஞாயிறன்று சொல்வதாக ஒப்புக்கொண்டு திரும்பினோம். அந்த நான்கு நாள்களில் நமக்குள் எழுந்த சமாதானங்களை எழுத வெட்கமாக இருக்கிறது. குருவின் மதிப்புக் குறையுமே, இளைஞர்கள் இடறலடைவார்களே, பொதுவாகச் சொல்லிப் பெயரை விட்டுவிடலாமே என்றெல்லாம் மனம் வாதாடிற்று. அந்தத் துளையை இருபத்தாறு ஆண்டுகள் அடைத்துக்கொண்டிருந்த பிசுக்கு எது என்பது அப்போதுதான் விளங்கிற்று. வெளியே ஒரு சொட்டு விழுந்தால் அங்கி கறைபடும் என்று அஞ்சினோம். அதனால் எல்லாம் உள்ளேயே வழிந்தது.

ஞாயிறு திருப்பலியின் இறுதியில், அறிவிப்புகளுக்கு முன், அவர் பெயரைச் சொல்லி, ஆண்டைச் சொல்லி, நம் பிழையைச் சொன்னோம். கோவில் அமைதியாக இருந்தது. அவர் அங்கு இல்லை. இத்தனை ஆண்டுகளாக அவர் ஞாயிறுதோறும் பேருந்து ஏறி அடுத்த பங்கின் திருப்பலிக்கே போய்வருகிறார் என்பதைப் பிறகு அறிந்தோம். திருப்பலி முடிந்ததும் ஒரு மூதாட்டி நம்மிடம் வந்தார்.

"அவரு எடுக்கமாட்டாருன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும், சாமி. ஆனா உங்ககிட்ட யாரு சொல்றது?"

அன்பர்களே, நம் வாழ்வில் நாம் கேட்ட மிகக் கடுமையான மறையுரை அதுதான்.

வண்டி வேலை தொடர்ந்தது. பாய் அடித்தொட்டியை இறக்கினார். தாரைப் போலக் கெட்டிப்பட்ட கசடு அகப்பை நாக்குகளின் தொட்டிகளில் நிறைந்திருந்தது. சுத்தம் செய்யாமல் ஓட்டியிருந்தால் ஒரு நாக்கிலும் எண்ணெய் ஏறியிராது. இரண்டு பிஸ்டன் தண்டுகளின் தாங்கிகள் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தன. இடையிலிருந்த மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து இடைவெளியைக் குறைத்தார். "இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தா இஞ்சின் முடிஞ்சிருக்கும்" என்றார். பெட்ரோல் தொட்டியைக் கழற்றிக் கழுவினோம். பிரேக் சிலிண்டர்களின் ரப்பர்களை மாற்றினோம். ரேடியேட்டரில் எலிக்கூடு இருந்தது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2025-இல் அது 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. பழைய ரப்பரை அது அரிக்கும் என்பதால், அதைத் தாங்கும் புதிய டயாபிரமாகத் தேடி வாங்கவேண்டியிருந்தது. மூன்று மாதத் தவணை ஓராண்டாக நீண்டது. பேரவையினர் பொறுத்துக்கொண்டார்கள். கழிப்பறையைக் கிழக்குப் பக்கத்தில் கட்டினோம்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெருமை வாகனங்களாகப் பதிவு செய்ய 2021-இல் மைய அரசு விதி வகுத்திருக்கிறது. அவ்வாறு பதிவானால் அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். ஆக, இனி இந்த வண்டியால் பங்குக்கு வருமானமோ வசதியோ இல்லை. பிறகு ஏன் இத்தனை பாடு என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு நாம் சொன்ன விடை: கடன் தீர்ப்பதில் இலாபம் பார்ப்பதில்லை.

2025-ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு காலைப்பொழுதில் எல்லாம் ஆயத்தமாயின. முதலில் பிளக்குகள் இல்லாமலே இஞ்சினைச் சுழலவிட்டு, எண்ணெய் அழுத்தமானியின் முள் அசைவதைப் பாய் உறுதி செய்துகொண்டார். பிறகு பிளக்குகளை மாட்டினார். "யார் மிதிக்கிறது?" என்று கேட்டார். இந்த வண்டியில் இஞ்சினைக் கிளப்புவது காலால் மிதிக்கும் ஒரு கட்டை. நாம் விடை சொல்லுமுன் வாயிற்படியில் நிழல் விழுந்தது. பெரியவர் தம் பேரனின் தோளைப் பற்றியபடி நின்றிருந்தார். நாம் ஆள் அனுப்பியிருந்தோம், வருவாரென்று எண்ணவில்லை.

எவரிடமும் பேசாமல் வந்து இருக்கையில் அமர்ந்தார். கை தானாகவே சோக்கைத் தேடி இழுத்தது. மிதித்தார். மூன்று சுற்று வெறுமனே சுழன்றது. நான்காவதில் ஒரு சிலிண்டர் இருமிற்று, பின் இன்னொன்று, பிறகு வரிசையாக ஆறும். சிலிண்டர்களில் ஊற்றிய எண்ணெய் வெண்புகையாகக் கொட்டகையை நிறைத்தது. புகை அடங்கியபோது, தையல் இயந்திரம் போல மெல்லிய, ஒழுங்கான ஓசை மட்டும் மிஞ்சியது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். பெரியவர் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஐந்தாவது வால்வு லேசா தட்டுது. பரவாயில்லை" என்றார்.

அடுத்த ஞாயிறும் அவர் பேருந்து ஏறி அடுத்த பங்குக்கே சென்றார். இன்றும் அவ்வாறே செல்கிறார். ஏனென்று நாம் கேட்கவில்லை. கேட்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் திங்கள் தவறாமல் கொட்டகைக்கு வந்து, பதினைந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டுப் போகிறார். நிற்கவிட்டால் மறுபடி கெட்டுவிடும் என்பதை அவர் நன்கறிவார்.

முதல் திங்களன்று இஞ்சினை நிறுத்தி, எண்ணெய் கீழிறங்கும்வரை பொறுத்திருந்து, அளவுக் கம்பியை உருவினார். துணியில் துடைத்து, மீண்டும் தோய்த்து எடுத்து, கோட்டைப் பார்த்தார். தம் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் அதை நம் பக்கம் நீட்டினார்.

நாம் குனிந்து முகர்ந்தோம். எண்ணெய் வாடை மட்டுமே இருந்தது. நிமிர்ந்தபோது அங்கியின் மார்பில் ஒரு துளி விழுந்திருந்தது.